திறக்காத மண்டை

மண்டை ஓட்டை ரம்பத்தால் அறுத்தே எடுப்பார்கள் என்று பலர் நினைக்கிறார்கள். என் மாமா ரம்பத்தால் சுற்றிலும் ஒரு கோடு மட்டும்தான் போடுவார். பிறகு அந்தக் கோட்டில் உளியை வைத்து சுத்தியலால் இரண்டு தட்டு. ஓடு கழன்று வரும்போது, ஈரப் பலகையிலிருந்து ஆணியைப் பிடுங்குகிற மாதிரி ஒரு சத்தம் கேட்கும். அரசு மருத்துவமனைப் பிணவறையில் அந்தச் சத்தத்தை முப்பத்தோரு வருஷம் கேட்டவர் அவர். என் அம்மாவுக்கு ஒரே தம்பி.

அறிக்கையில் கையெழுத்துப் போடுவது டாக்டர். கத்தி பிடிப்பது மாமா. டாக்டர் வாசலில் கைக்குட்டையும் மூக்குமாக நிற்பார். உள்ளேயிருந்து மாமா ஒவ்வொன்றாகச் சொல்லுவார். "சார், ஈரல் கிழிஞ்சிருக்கு, மூணு விரல் நீளம்." டாக்டர் எழுதிக்கொள்வார். "செத்தவனுக்கு நான் டாக்டரு, உசுரோட இருக்கிறவனுக்கு நான் வார்டுபாய்" என்பார் மாமா.

மருத்துவமனையில் அவருக்கு டெய்லர் என்று பெயர். தையல் அத்தனை நெருக்கமாக, ஒரே அளவாக இருக்கும். காதிலிருந்து காது வரை கீறிய தலையைத் தைத்து, முடியை வாரிவிட்டால், பெற்ற தாய்க்கே தையல் தெரியாது. நர்ஸ்கள் கிழிந்த கைப்பையைக் கொண்டுவந்து நீட்டுவார்கள். "இது உசுரோட இருக்கா?" என்று கேட்டுவிட்டு வாங்கித் தைத்துக் கொடுப்பார். அந்த வேலையில் இருப்பவர்கள் குடிக்காமல் இருக்க முடியாது என்பார்கள். மாமா தொட்டதில்லை. குடித்தால் விரல் நடுங்கும், விரல் நடுங்கினால் தையல் கோணும் என்பது அவர் கணக்கு.

நான் படிப்பை முடித்து வேலைக்காக நகரத்துக்கு வந்தபோது மாமா வீட்டில்தான் தங்கினேன். எங்கள் குடும்பத்தில் எழுத்துக் கூட்டாமல் ஒரு காகிதத்தை வாசிக்கிற முதல் ஆள் நான். ஆகவே அந்த வீட்டுக்கு வருகிற எல்லாக் காகிதமும் என் கைக்குத்தான் வரும். கரண்ட் பில்லையும் நான் நின்றுகொண்டு சத்தமாக வாசிக்க வேண்டும், அத்தைக்கு அதில் ஒரு பெருமை. மாமாவின் மகன், எனக்கு மச்சான், பஸ் நிலையத்தில் செல்போன் உறை விற்கிற கடை வைத்திருந்தான்.

அந்தச் சம்பவம் நடந்தது அவன் கடைக்கு எதிரில்தான்.

காலை பத்து மணி. வீடுகளுக்குத் தண்ணீர் கேன் போடுகிறவர் தன் மூன்று சக்கர வண்டியை மெக்கானிக்கின் பட்டறை வாசலில் நிறுத்தியிருந்தார். மெக்கானிக் வண்டியை எடுக்கச் சொன்னான். "எடுக்கிறேன் இரு, ரோடு என்ன உங்கப்பன் போட்டதா?" என்றார் கேன்காரர். மெக்கானிக் பட்டறைக்குள் போய் ஜாக்கிக் கம்பியோடு வந்தான். முதல் அடி தோளில். எலும்பு முறிந்த சத்தம் டிக்கெட் கவுண்டர்வரை கேட்டது என்று பின்னால் சாட்சி சொன்னார்கள். இரண்டாவது அடியைத் தடுக்கத் தூக்கிய கை, முழங்கைக்குக் கீழே இரண்டாக மடிந்து தொங்கியது. மூன்றாவது முதுகில். கேன்கள் சரிந்து உடைந்து தண்ணீர் ஓடியது. அந்தத் தண்ணீரில் கேன்காரர் குப்புற விழுந்தார். மெக்கானிக் மறுபடியும் கம்பியை ஓங்கினான்.

அப்போது கல் வந்தது. ரோடு போடுவதற்காகக் கருங்கல் ஜல்லியை ஓரத்தில் மலையாகக் கொட்டியிருந்தார்கள். ஒருவன் எடுக்க, பத்துப் பேர் எடுத்தார்கள். மெக்கானிக்கின் முகத்தில், மார்பில், முட்டியில் கல் விழுந்தது. கம்பி கை நழுவியதும் கூட்டம் அவன்மேல் ஏறி மிதித்தது. போலீஸ் வந்து இழுத்தபோது அவனுடைய இடது கண் கன்னத்தில் தொங்கிக்கொண்டிருந்தது. கேன்காரர் மருத்துவமனைக்குப் போகிற வழியிலேயே இறந்துபோனார்.

அறுபது பேர் பார்த்த கொலை. மெக்கானிக்கே, நினைவு திரும்பியதும், "நான்தான் அடிச்சேன், நான்தான் கொன்னேன்" என்று சொல்லிவிட்டான்.

அன்று பிணவறையில் நாலு உடல்கள். விபத்தில் போன இரண்டு பேர், எரிந்துபோன ஒரு பெண், கடைசியாகக் கேன்காரர். வெளியே அவருடைய சொந்தக்காரர்கள் இரும்புக் கதவைக் கல்லால் அடித்து உடலைக் கேட்டுக்கொண்டிருந்தார்கள். மாமா தலைத் தோலைக் காதிலிருந்து காதுக்குக் கீறி, முன்பக்கமாக உரித்து முகத்தின்மேல் மடித்துப் போட்டார். உச்சிக்குச் சற்றுப் பின்னால் ஓட்டில் ஒரு பள்ளம். சுண்டுவிரலை வைத்துப் பார்த்தார். நுனி உள்ளே போனது.

"சார், இது கம்பி பட்ட மாதிரி இல்ல" என்றார். "கம்பின்னா நீளவாக்குல குழியும். இது மூணு மூலையா இறங்கியிருக்கு."

டாக்டர் கைக்கடிகாரத்தைப் பார்த்தார். "அறுபது பேர் பாத்திருக்கான்யா. அடிச்சவனே ஒத்துக்கிட்டான். இதுக்கு மேல மண்டையத் திறந்து என்ன பாக்கப் போற? வெளிய கதவு உடையுது. தைய்யி."

தைத்தார். இருபத்திரண்டு தையல். வெளியிலிருந்து பார்த்தால் திறந்து மூடிய தலை மாதிரியே இருக்கும். 'தெரிஞ்ச கேஸ்' என்றால் அப்படித் தைப்பது அங்கே நடப்புதான். மண்டைக்குள் பார்த்ததாக எழுத வேண்டியதை டாக்டர் எழுதிக்கொள்வார்.

சாயங்காலம் மச்சான் வீட்டுக்கு வந்தான். சட்டை கிழிந்து, வலது கை வீங்கியிருந்தது. தெருவே அவன் பின்னால் வந்தது.

"முதல் கல்லு என்னுதுதான்" என்றான் சாப்பிட உட்கார்ந்ததும். "மூக்குல நச்சுன்னு விழுந்துச்சு. ரெண்டாவதுதான் குறி தப்பிப் போயிருச்சு."

"எங்க பட்டுச்சு?" என்றார் மாமா.

"யாருக்குத் தெரியும்? கீழ எங்கயோ போச்சு."

"என் புள்ள மட்டும் இல்லைன்னா அந்தப் பாவி இன்னும் நாலு பேரை அடிச்சிருப்பான்" என்று அத்தை இன்னொரு கரண்டி சோறு வைத்தாள்.

மாமா தட்டிலேயே கை கழுவிவிட்டு எழுந்தார். உடல் அசதி என்று நினைத்துக்கொண்டேன். அவர் சுண்டுவிரலைக் கட்டைவிரலால் தேய்த்துக்கொண்டே இருந்ததைக் கவனித்தேன், ஆனால் காரணம் கேட்கவில்லை.

வழக்கு நாலு வருஷம் நடந்தது. முதல் நாளே மெக்கானிக் கூண்டில் நின்று, "நான் செஞ்சதுதாங்க, முடிச்சு விடுங்க" என்றான். நீதிபதி முடிக்கவில்லை. அரசாங்கச் செலவில் அவனுக்கு ஒரு வக்கீலை வைத்துக் கொடுத்தார். ஒல்லியான, சின்ன வயதுப் பெண். கடைத்தெரு அவளுக்குக் குட்டி வக்கீல் என்று பெயர் வைத்தது.

வாய்தாவுக்கு வாய்தா மெக்கானிக்கை வேனில் கொண்டுவருவார்கள். கூட நாலு போலீஸ். வேன் பஸ் நிலையத்தைக் கடக்கும்போதெல்லாம் டீக்கடையில் அதே பேச்சு.

"வேனு, டீசலு, நாலு பேருக்குச் சாப்பாடு. எல்லாம் நம்ம வரிப்பணம்."

"அவனுக்குக் கண்ணு ஆபரேஷன்கூட பண்ணாங்களாமே, நம்ம செலவுல."

"தூக்குல போடும்போது கயிறு நல்லாத் தெரியட்டும்னு பண்ணியிருப்பாங்க."

எல்லோரும் சிரிப்பார்கள். அந்தப் பேச்சில் மற்ற எல்லாரையும்விட மாமாவின் குரல்தான் உரக்கக் கேட்கும். அதிர்ந்து பேசாத மனிதர், இந்த வழக்கு என்றால் மட்டும் பெஞ்சைத் தட்டுவார். "அறுபது பேர் பாத்ததை எதுக்குய்யா அறுபது தடவை விசாரிக்கணும்? அந்தப் பணத்துல பிணவறைக்கு ஒரு நல்ல விளக்கு வாங்கிப் போடலாம்" என்பார். பாதிக்கப்பட்ட குடும்பத்துக்காகப் பரிந்து பேசுகிறார் என்று எல்லோரும் நினைத்தார்கள், நானும்தான்.

மச்சான் ஆறாவது சாட்சி. மூன்று அடி விழுந்ததையும் கையை ஓங்கிக் காட்டிச் சொன்னான். நாலாவது அடி தலையில் விழுந்ததைப் பார்த்தாயா என்று அரசு வக்கீல் கேட்டார். பார்த்தேன் என்றான்.

டாக்டரைக் கூண்டில் ஏற்றிய அன்று நான் பின்வரிசையில் உட்கார்ந்திருந்தேன். குட்டி வக்கீல் பெரிதாக ஒன்றும் கேட்கவில்லை. பிரேதப் பரிசோதனை அறிக்கையில் மூளையின் எடை என்று ஒரு கட்டம் உண்டு, அதை வாசிக்கச் சொன்னாள்.

"ஆயிரத்து முந்நூறு கிராம்."

அவள் இன்னும் மூன்று காகிதங்களை எடுத்து வைத்தாள். அதே நாளில் அதே மேஜையில் அறுத்த மற்ற மூன்று பேருடைய அறிக்கைகள். "இதையும் வாசிங்க டாக்டர்."

டாக்டர் வாசித்தார். ஆயிரத்து முந்நூறு. ஆயிரத்து முந்நூறு. ஆயிரத்து முந்நூறு.

"நாலு பேருக்கும் ஒரே எடையா?"

"அமையலாம்."

"எரிஞ்சு போனவங்களுக்கும், லாரி ஏறினவருக்கும்?"

பின்வரிசையில் யாரோ, "தராசு ரிப்பேரா இருக்கும்" என்றார்கள். நீதிபதி சிரிக்கவில்லை. கேன்காரரின் உடலைப் புதைத்த இடத்தில் தோண்டி, வெளியூர் மருத்துவக் கல்லூரி டாக்டர் முன்னிலையில் தலையைப் பார்க்க வேண்டும் என்று உத்தரவு போட்டார். அன்று தைத்த ஊழியரே தோண்டும்போது உடனிருந்து எடுத்துக் கொடுக்க வேண்டும் என்றும்.

அந்த உத்தரவுக் காகிதத்தையும் வீட்டில் நான்தான் வாசித்தேன். அத்தை கடைக்குப் போயிருந்தாள். நான் முடிக்கும்வரை மாமா சுவரைப் பார்த்துக்கொண்டிருந்தார்.

"மாப்ள, நான் தலையைத் திறக்கல."

"என்ன மாமா சொல்றீங்க?"

சொன்னார். மூன்று மூலைப் பள்ளம், டாக்டரின் கடிகாரம், இருபத்திரண்டு தையல், மச்சானின் குறி தப்பிய கல், எல்லாம். "அன்னைக்கு அறுக்கும்போது இவன் எறிஞ்சது எனக்குத் தெரியாது. தெரிஞ்சப்புறம் வாயைத் திறக்க முடியல. சீக்கிரம் தூக்குல போட்டு முடிச்சிட்டா மண்ணோட போயிரும்னு இருந்தேன்."

மறுநாள் டாக்டர் வீட்டுக்கு வந்தார். இத்தனை வருஷத்தில் ஒரு தடவைகூட வராதவர். வாசலிலேயே நின்றார், பிணவறையில் நிற்கிற மாதிரி.

"மண்வெட்டி உன் கையிலதான் இருக்கப்போகுது. நாலு வருஷ எலும்பு, ஓடு மாதிரி இருக்கும். ஒரு தடவை தவறிப் பட்டுச்சுன்னா உன்னை யாரும் ஒண்ணும் கேக்கப்போறதில்ல. இன்னும் ஒரு வருஷத்துல ரிட்டயர் ஆகுற ஆளு நீ. உன் பென்ஷனையும் நினைச்சுப் பாரு."

அவர் போனதும் மாமா மச்சானிடமும் அந்த மூன்று மூலைப் பள்ளத்தைப் பற்றிச் சொன்னார். அவன் டாக்டர் மாதிரி சுற்றி வளைக்கவில்லை. "அப்பா, நொறுக்கிடு" என்றான்.

மாமா வாசல் கதவைச் சாத்திவிட்டு வந்தார்.

"உன் புள்ளையா, அந்த ஒத்தக்கண்ணனா? அதை மட்டும் சொல்லு."

"நீ தலையில அடிச்சதைப் பாத்தேன்னு கோர்ட்ல சொன்னியே, பாத்தியா?"

மச்சான் கையிலிருந்த டம்ளரைச் சுவரில் எறிந்தான். அது மாமாவின் காதை உரசிக்கொண்டு போனது.

தோண்டுகிற நாள் வெயில் ஏறுவதற்குள் எல்லோரும் மயானத்தில் இருந்தார்கள். தாசில்தார், வெளியூர் டாக்டர், குட்டி வக்கீல், நாலு போலீஸுக்கு நடுவில் மெக்கானிக். சுற்றுச்சுவருக்கு வெளியே கடைத்தெருவில் பாதி. அதில் மச்சானும். கேன்காரரின் அப்பா குழி மேட்டில் நின்றார். மாமா மண்வெட்டியோடு வந்ததும் அவர் குனிந்து ஒரு கை மண்ணை அள்ளி மாமாவின் முகத்தில் அடித்தார்.

"ஒரு தடவை அறுத்தது பத்தலையாடா உனக்கு? என் புள்ளையைக் கொன்னவன் அங்க கல்லு மாதிரி நிக்கிறான். என் புள்ளையைப் போய்த் தோண்டுறீங்களே."

அவரைப் பிடித்து விலக்கினார்கள். மாமா கண்ணிலிருந்த மண்ணைத் துடைக்காமலே குழிக்குள் இறங்கினார். இடுப்பளவு வரை வெட்டினார். பெட்டி இற்றுப்போயிருந்தது. பலகைத் துண்டுகளை எடுத்து மேலே போட்டார். துணி தெரிந்தது. தலைப்பக்கம் திரும்பி மண்வெட்டியை ஓங்கினார்.

ஓங்கிய கை நின்றது. நான் மேட்டிலிருந்து பார்த்துக்கொண்டிருந்தேன். மாமா தலையைத் தூக்கிச் சுவர்ப்பக்கம் பார்த்தார். மச்சான் சுவரைப் பிடித்துக்கொண்டு எக்கி நின்றான். அந்த மண்வெட்டி அரை அடி தள்ளி விழுந்திருந்தால் போதும், எல்லாம் தூளாகியிருக்கும்.

மண்வெட்டியை மேலே எறிந்தார். முட்டி போட்டு விரலால் மண்ணைத் தள்ள ஆரம்பித்தார். நகக்கண்ணில் மண் ஏறி ரத்தம் கசிந்தது. அரை மணி நேரம். பிறகு இரண்டு உள்ளங்கையிலும் ஏந்தி மேலே நீட்டினார். முடியும் மண்ணும் ஒட்டிய மண்டை. சுற்றிலும் ரம்பக்கோடு இல்லை. உளி பட்ட தடம் இல்லை. முழு மண்டை. உச்சிக்குப் பின்னால் அந்தப் பள்ளம் மட்டும்.

"இதை அறுக்கவே இல்லையேப்பா" என்றார் வெளியூர் டாக்டர்.

"இல்லைங்க சார். தோலை மட்டும் கீறித் தைச்சேன். சார் தைக்கச் சொன்னாரு. நானும் தைச்சேன்." பிறகு, யாரும் கேட்காமலே, அந்தப் பள்ளத்தில் சுண்டுவிரலை வைத்துக் காட்டினார். "ஜாக்கிக் கம்பி உருண்டையா இருக்குங்க. இது மூணு மூலை. இது கல்லு."

மெக்கானிக் ஒற்றைக் கண்ணால் அதையே பார்த்துக்கொண்டு நின்றான். "அப்போ நான் கொல்லலையா?" என்று பக்கத்திலிருந்த போலீஸ்காரரைக் கேட்டான். அவர் தொப்பியைச் சரிசெய்துகொண்டார்.

நான் திரும்பிப் பார்த்தபோது சுவரில் மச்சான் இல்லை.

கொலைக் குற்றத்திலிருந்து மெக்கானிக்கை விடுவித்தார்கள். கம்பியால் எலும்பை முறித்ததற்குத் தண்டனை உண்டு, அதைவிட அதிக நாள் ஏற்கெனவே உள்ளே இருந்துவிட்டான். கல் யாருடையது என்று கண்டுபிடிக்க முடியவில்லை. அறுபது பேரும் தங்கள் கை சும்மா இருந்தது என்றார்கள். அந்த ஜல்லிக் குவியல் ரோடாகி நாலு வருஷம் ஆகிவிட்டது, அதன்மேல் பஸ் ஓடிக்கொண்டிருந்தது. டாக்டரை எங்கோ மாற்றினார்கள். மாமாவைத் தற்காலிகப் பணிநீக்கம் செய்தார்கள். டீக்கடையில், "இத்தனை லட்சம் செலவழிச்சு ஒரு ஓட்டையைக் கண்டுபிடிச்சிருக்காங்கப்பா" என்று பேசிக்கொண்டார்கள். மாமா போய் உட்கார்ந்தால் பெஞ்சு காலியாகிவிடும்.

மச்சான் வீட்டுக்கு வருவதை நிறுத்திவிட்டான். இரண்டு மாதம் பார்த்துவிட்டு, ஒரு நாள் காலை பதினோரு மணிக்கு மாமா அவன் கடைக்குப் போனார்.

நான் அலுவலகத்திலிருந்து ஓடி வந்தபோது அவர் மருத்துவமனையில், அவசரப் பிரிவுக் கட்டிலில் உட்கார்ந்திருந்தார். வலது கை மொத்தமும் துணிக்கட்டு. கடை ஷட்டர் கையின்மேல் விழுந்திருந்தது. மூன்று விரல் நசுங்கி, சுண்டுவிரல் தோலில் மட்டும் தொங்கியது. அத்தை சுவரோரம் புடவைத் தலைப்பைக் கடித்துக்கொண்டு நின்றாள். ஒரு ஏட்டு நோட்டோடு உட்கார்ந்திருந்தார்.

"கடைத்தெருவே பாத்திருக்கு பெரியவரே. உங்க பையன்தான் கை உள்ள இருக்கும்போதே ஷட்டரை இழுத்து அடிச்சான்னு நாப்பது பேர் சொல்றாங்க. எழுதிக்கவா?"

"பாத்தவங்க இருக்கட்டும். அந்த ஷட்டரோட ஸ்பிரிங் பழசு, தானா இறங்கும். அதைக் கழட்டிப் பாத்தாங்களா?"

ஏட்டு என்னைப் பார்த்தார். "இதுக்கும் ஒரு விசாரணையா? அதுக்கு ஒரு ஆளு, ஒரு வண்டியா?"

"ஆமாங்க" என்றார் மாமா. "அனுப்புங்க."

அத்தை வேகமாகத் தலையாட்டினாள். அவள் முகத்தில் அப்போதுதான் கொஞ்சம் உயிர் வந்தது. "ஆமாங்க, பழசுதான். நானே ரெண்டு தடவை சொல்லியிருக்கேன் அவன்கிட்ட."

காத்திருந்தோம். எக்ஸ்ரே வந்தது. மாமா அதை ஜன்னல் வெளிச்சத்தில் பிடித்து, தொழில்காரர் பார்க்கிற மாதிரி பார்த்தார். "சுண்டுவிரல் நிக்காது" என்றார் நர்ஸிடம். ஒரு மணி நேரம் கழித்து ஏட்டு திரும்பி வந்தார், ஷட்டர் வேலை பார்க்கிற ஒருவரோடு.

"போன மாசம்தான் புது ஸ்பிரிங் போட்டிருக்கு" என்றார் ஷட்டர்காரர். "கை வச்சுத் தூக்கி விட்டா பாதியிலேயே நிக்குது. தானா இறங்கவே இறங்காது. ஆள் தொங்கி இழுத்தாத்தான் இறங்கும்."

"வேணாங்க" என்று அத்தை மாமாவின் தோளைப் பிடித்தாள். "நம்ம புள்ளைங்க. கோவத்துல பண்ணிட்டான். வேணாங்க."

மாமா எக்ஸ்ரேயை மடியில் வைத்தார். பிறகு ஏட்டுப் பக்கம் திரும்பினார்.

"அப்போ எழுதிக்குங்க."

ஏட்டு எழுதியதை மாமா என்னிடம் கொடுத்து வாசிக்கச் சொன்னார். முழுவதும் வாசித்தேன். சரி என்றார். வலது கை கட்டுக்குள் இருந்ததால் இடது கையை நீட்டினார். நான் பெருவிரலில் மை தடவிக் கொடுத்தேன்.